சன்னல் வைத்து வரைந்த மில்

எண்ணெய் வண்ணத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு வரைந்திருந்த அந்தப் படத்தை, பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில் ஆபீஸ் சுவரில் மாட்டிய நாளில் நானும் அங்கே இருந்தேன். மாடிக் கட்டடம் ஒன்று எரிகிறது. வரிசையாகச் சன்னல்கள், சன்னல்தோறும் தீ. நடுச்சன்னலில் சேலை கட்டிய ஒருத்தி இரண்டு கைகளையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே சிவப்பு வண்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். பின்னால் நீலமாக மேகமலை. என் சித்தி அந்த மில் தீயில் போய் அன்றோடு ஒரு வருடம் ஆகியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் டைப்ரைட்டிங் படிப்பதற்காக அல்லிநகரத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா மில்லில் என்ஜின் பார்க்கும் பிட்டர். சித்தி கொட்டகையில் பருத்தி ஆய்பவள். பஞ்சு திருட்டுப்போகிறது என்று, வேலை நேரத்தில் கொட்டகைக் கதவை வெளியே பூட்டிவைப்பது அந்த மில்லின் வழக்கம். ஒரு மத்தியானம் உள்ளே பஞ்சில் தீப்பிடித்தபோது, சாவி வைத்திருந்த காவலாளி சாப்பிடப் போயிருந்தார். சித்தியோடு இன்னும் இரண்டு பெண்கள் வெளியே வரவில்லை. விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை. வீட்டில் என்னிடம்கூட அவர் அதைப் பேசியதில்லை. சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

வருட நினைவுக்கு முதலாளிதான் படம் வரையச் சொல்லியிருந்தார். திரையை விலக்கி மாலை போட்டதும் பெண்கள் அழுதார்கள். சித்தப்பா அழவில்லை. படத்தின் அருகே போய் வெகுநேரம் நின்றார்.

"இதுல சன்னல் இருக்கே முதலாளி" என்றார்.

"படம்னா அப்பிடித்தானப்பா இருக்கும்" என்றார் மேனேஜர்.

"நம்ம கொட்டகைக்குச் சன்னல் கிடையாதே. கதவு ஒண்ணுதான். அதையும் வெளிய பூட்டியிருந்தாக." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் அழுகை நின்றுவிட்டது. முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் சித்தப்பா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் படத்தை வரைந்த, பஜாரில் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டின் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சன்னல் எங்கிருந்து வந்தது என்று சித்தப்பா கேட்டதும் ஆர்ட்டிஸ்ட் பயந்துபோய், எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து பழைய பேப்பர்காரன் வழியாக வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளை எடுத்துக் காட்டினார். நூறு வருடத்துக்கு முந்தைய அச்சுப் படம். எங்கோ வெளிநாட்டில் ஒரு பஞ்சாலை எரிகிறது. அதே சன்னல்கள், அதே நீட்டிய கைகள். அந்தப் பெண்ணுக்குக் கவுன் போட்டிருந்தார்கள். தண்ணீர் வண்டியைக் குதிரைகள் இழுத்தன.

"இதப் பாத்து வரைன்னு மேனேஜர்தான் சொன்னாகண்ணே. நான் அங்கன வந்து பாக்கக்கூட இல்ல."

"கீழ என்ன போட்டிருக்கு, வாசி ஆத்தா" என்றார் சித்தப்பா என்னிடம். ஊரின் பெயரும் ஆலையின் பெயரும் இருந்தன. செத்தவர்கள் யாரென்று ஒரு வரியும் இல்லை. சொன்னேன். அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே, முதல்முறையாக, அன்று நடந்ததைச் சொன்னார். என்ஜின் ரூமிலிருந்து ஓடிவந்தது, சாவி கேட்டுக் கத்தியது, கடப்பாறையை எடுத்து அடித்தது, உள்ளேயிருந்து கதவைத் தட்டிய சத்தம் நடுவில் நின்றுபோனது. ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "வார்னிஷ் பூச ஒருதரம் வரச் சொல்லியிருக்காக. பாக்குறேண்ணே" என்றார்.

வார்னிஷ் பூசப் போனவர், சன்னல்களையெல்லாம் கறுப்புப் புகையால் மூடிவிட்டார். நீட்டிய கைகளும் புகைக்குள் போயின. முன்னால் ஒரு தகரக் கதவு, அதில் ஒரு பூட்டு. மேனேஜர் கவனிப்பதற்கு முன்பே வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மறுநாள் அந்தப் பெண்களில் ஒருத்தி, கதவைப் பூட்டினால் உள்ளே போகமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பூட்டுவது அதோடு நின்றது. படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள், எங்கே என்று தெரியவில்லை. ஆர்ட்டிஸ்டுக்கு மில் வேலை எதுவும் பிறகு வரவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டு, "நீதான சொன்ன?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அன்றோடு வேலை போனது.

மார்க்கையன்கோட்டைப் பக்கம் தோட்டங்களில் பம்புசெட் ரிப்பேர் பார்த்துக் காலத்தை ஓட்டினார். எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நீங்கள் சொன்னதைக் கேட்டு ஆர்ட்டிஸ்ட் படத்தை மாற்றினாரே, மனசு கொஞ்சமாவது ஆறியதா என்று கேட்டேன். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முத படத்துல அவ மாதிரி ஒருத்தி நின்னா. நான்தான அழிக்கச் சொன்னேன். அப்பறம் இருந்தது கதவு மட்டுந்தான்" என்றார். "அன்னைக்கும் நான் பாத்தது அத மட்டுந்தான் ஆத்தா."