பன் எடுக்கக் குனிந்தவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும் உள்ள டீக்கடைகளுக்கு மொபெட்டில் பன், ரஸ்க், வர்க்கி போடுகிறவர் முகம்மது கவுஸ். இருபத்திரண்டு வருஷமாக அதே பாதை. மலையில் எத்தனை வளைவு என்று கேட்டால் யோசிப்பார். எந்த வளைவில் எத்தனை நாய் என்று கேட்டால் உடனே சொல்வார்.

நாய் விஷயத்தில் அவருக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. ஓடாதே என்றார் ஒருவர். வண்டியை முறுக்கிப் பறந்துவிடு என்றார் இன்னொருவர். கண்ணைப் பார்த்தால் கடிக்கும் என்று சின்னசேலத்து மச்சான் சொன்னார். பார்க்காவிட்டால்தான் கடிக்கும் என்று அதே மச்சான் அடுத்த பெருநாளுக்கு வந்தபோது சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக் குழம்பிப்போன கவுஸ், கடைசியில் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் கல் எடுப்பதுபோல் குனிவார். நாய் ஓடிவிடும்.

வெள்ளிமலையில் சின்னராசு டீக்கடைச் செவலை நாயும் முதலில் அப்படித்தான் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன், குட்டியாக வண்டியைத் துரத்தியபோது ஒரு வாரம் தினமும் குனிந்து காட்டினார். அப்புறம் பாவமாகிவிட்டது. உடைந்த பன்னைப் போட ஆரம்பித்தார். பிறகு அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே அது வாலாட்டும்.

போன செவ்வாய்க்கிழமை அதற்கென்று எடுத்த பன் கைதவறிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தார். செவலை பாய்ந்து கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டது.

"அது கடிக்காதுங்க பாய்," என்றார் சின்னராசு, ரத்தம் வழியும் காலைப் பார்த்தபடியே. தன் பங்குக்கு மஞ்சள்தூளையும் அப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த கவுஸ் முதல் வேலையாக, நாய் வாய் பட்ட பேன்ட்டைக் கழுவினார். ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் போட்டு. தொழுகைக்கு ஆகவேண்டுமே. மனைவி ரஜியா நின்று பார்த்தாள்.

"பேன்ட்ட ஏழு வாட்டி கழுவிட்டீங்க. கால இன்னா பண்ணீங்க?"

கவுஸுக்கு அப்போதுதான் கால் நினைவுக்கு வந்தது. கைக்குட்டை கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

"மஞ்சள் வச்சிருக்குதே."

"ஏங்க, பேன்ட்டுக்கா வெறி புடிக்கப்போவுது?"

ரஜியா அவரைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்பு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் தண்ணீர் விட்டாள். ஒரு நிமிஷம்கூட அவள் குறைக்க விடாததைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் உயிர்ப்பயம் வந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கையில் ஊசி, காயத்தைச் சுற்றியும் ஊசி.

"தெரிஞ்ச நாயா?" என்று நர்சம்மா கேட்டார்.

"தெரிஞ்ச நாய்தாங்க. இன்னாத்துக்குக் கடிச்சிதுன்னுதான் தெரியல."

"பத்து நாள் அது நல்லா இருக்குதான்னு பாத்துக்கோங்க. நல்லா இருந்தாலும் ஊசிய நிறுத்தாதீங்க."

இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டு நான்காம் நாள் மலை ஏறினார். நாய் செத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் திகில். செவலை பெஞ்சுக்கடியில் படுத்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து வாலாட்டியது. நிம்மதியும் வந்தது, கோபமும் வந்தது.

"சின்னராசு, இத்தினி நாளு பன்னு துன்னுட்டு இன்னாத்துக்குக் கடிச்சிது?"

"நீங்க குனிஞ்சீங்க இல்ல? கல்லு எடுக்கறீங்கன்னு நெனச்சிருக்கும். சின்னதுல யாரோ அத அப்பிடி மெரட்டி வுட்டுட்டாங்க பாய்."

கவுஸ் டீயைக் குடித்தார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். கல்லே இல்லாத கையில் இது கல்லைக் கண்டிருக்கிறது. மிரட்டியவரும் பன் போட்டவரும் ஒரே ஆளாக இருந்தால் அதுவும்தான் என்ன செய்யும்?

கிளம்பும்போது ஒரு பன்னை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். முதுகை வளைக்காமல் மெதுவாகக் கீழே போட்டார். செவலை வாலாட்டிக்கொண்டேதான் நின்றது. ஆனால் பன்னைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.