இருமுறை ஏறிய இருநூற்றுப் பன்னிரண்டு

சித்ரகலாவின் பெருமையைச் சொல்ல வேண்டுமானால் அவள் செய்த தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொங்கலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, செக்கிங் டேபிளில் பனியனுக்குப் பிசிறு வெட்டியவள் அவள். தானாகவே ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் படித்து, பெட்டிகளை ஸ்கேன் செய்து கணக்கிடும் புரோகிராமை அதே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாள். லேசுப்பட்ட காரியமா?

பெட்டிகளை அவள் ‘செட்’ என்ற அமைப்பில் சேர்த்தாள். அதில் ஒன்றையே இரண்டு தடவை போட முடியாது. “ஒரே பெட்டிய ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணுனாலும் ஒண்ணுதானுங்க” என்று முதலாளி மாரப்பனிடம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

அன்று லாரி கிளம்பும்போது திரை நானூறு என்றது. தூத்துக்குடி குடோனில் இறங்கியதோ முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஸ்கேன் செய்து ஏற்றியவர் வேல்குமார். பதினோரு வருடம் உழைத்த மனிதரை ஒரு நொடியில் திருடராக்கிவிட்டார் மாரப்பன்.

“மெசினு பொய் சொல்லாதுங்க. நாளைக்கு வர வேண்டாமுங்க.” வேலையை விட்டு அனுப்பும்போதும் அந்த ‘ங்க’ மட்டும் குறையவில்லை!

சித்ரகலா அதை நம்பவில்லை. புரோகிராமைத் திறந்து பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டி கணக்கில் இரண்டு முறை ஏறியிருந்தது. எண், சைஸ், நிறம் மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு ஸ்கேனுக்கும் புதிய ‘ஆப்ஜெக்ட்’ ஒன்றை உருவாக்கி அவள் செட்டில் போட்டிருந்தாள். உள்ளே இருப்பது ஒன்றாகவே இருந்தாலும், தனித்தனியாக உருவாக்கியவை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வேறு வேறுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எண்ணை மட்டும் செட்டில் போடும்படி மாற்றினாள். ஏற வேண்டிய எண்களிலிருந்து ஏறிய எண்களைக் கழித்தாள். மிஞ்சியது 318. பனியனில் உடைந்த தையல் ஊசி முனை சிக்கியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க கம்பெனியிலேயே ஒதுக்கிய பெட்டிகளுக்கு நடுவே அது சாதுவாக உட்கார்ந்திருந்தது.

“பெட்டிதான் கெடச்சிருச்சே கண்ணு. ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணுனது அவரு தப்புதானே?” என்றார் மாரப்பன்.

“இல்லீங்க. அவசரத்துல கை ரெண்டு தடவ போகத்தானுங்க செய்யும். அதத் தடுக்கத்தான் புரோகிராமு. தப்பு என்னோடதுங்க. அவரக் கூப்புடுங்க, எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

சொன்னாள். மொத்தக் கம்பெனிக்கும் முன்னால் நின்று சொன்னாள். வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமலா இருந்திருக்கும்? வேல்குமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்கேனரைக் கையில் எடுத்தார்.

அதோடு அவள் விடவில்லை. திருத்திய வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினாள். நாளை அந்தப் புரோகிராமை யார் திறந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்: “இங்கே தவறியது சித்ரகலா. வேல்குமார் அல்ல.”