மேரி சேச்சியின் தூசி டின்

மட்டாஞ்சேரி பஜாரில் ஏலக்காயை முகர்ந்தே எந்த மலைச் சரக்கு என்று சொல்லக்கூடிய ஆள் என் காலத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் பெயரை நானே சொன்னால் நன்றாயிருக்காது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, சாக்குத் தைக்க வந்த கிடங்கையே பின்னால் விலைக்கு வாங்கியவன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், "ராவுத்தர் மாமா, நீங்க கையாண்டதிலேயே பெரிய சரக்கு எது?" என்று கேட்கிறார்கள். கப்பல் கதை வரும் என்று காத்திருப்பார்கள். நான் ஒரு தேக்கரண்டித் தூசியின் கதையைச் சொல்வேன்.

1. சுவரை விடுங்கோ!

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். மழைக்கு முன்னால் கிடங்குக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்திருந்தேன். வடக்குச் சுவர் முழுக்கச் செடி முளைத்திருந்தது. ஏணி மேல் நின்றவனிடம், "ஒண்ணு விடாம சொரண்டுடா" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்கோ! அந்தச் சுவரை விடுங்கோ!"

திரும்பிப் பார்த்தால், பருத்திப் புடவை, கறுப்புக் குடை, தோளில் துணிப்பை. நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், என் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"யாரும்மா நீங்க? முனிசிபாலிட்டியா?"

"நான் காலேஜ்ல பாட்டனி சொல்லிக் குடுக்கறேன். திருப்பூணித்துறையிலேர்ந்து வரேன். இது பெரணியாக்கும். பூக்காது, காய்க்காது. ஆனா மனுஷா பிறக்கறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே பூமிக்கு வந்துடுத்து."

"வாடகை குடுத்துதா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக முக்கால் சுவரைச் சுரண்டிக் கால் சுவரை விட்டேன். பேரம் பேசுவதில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு நான் தோற்கவில்லை, விட்டுக்கொடுத்தேன்.

அவர்தான் லலிதா டீச்சர். பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெரணியைத் தேடி மலை மலையாக ஏறியவர். அதன்பிறகு மட்டாஞ்சேரிப் பக்கம் வந்தால் சுவரைப் பார்த்துவிட்டு ஒரு சாயா குடிக்காமல் போகமாட்டார். "உங்க வாடகைக்காரா எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்.

2. என் கிடங்கின் சட்டம்

இரண்டு மூன்று மழை போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். புடவையெல்லாம் சேறு. ஈரச் சாக்கு சுற்றிய கூடைகளில் பெரணி.

"ராவுத்தரே, ஒரு ஓடைக்கரையிலே மட்டும்தான் இதை நான் கண்டிருக்கேன். அந்தக் கரையை இப்போ ஏலத்தோட்டத்துக்காகச் செதுக்கறா. கிடைச்சதைத் தோண்டி எடுத்துண்டு வந்துட்டேன். இனி அங்கே ஒண்ணும் பாக்கி இருக்காது."

ஏலம் என்றதும் நான் மேலே கூரையைப் பார்த்தேன். டீச்சர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

செடிகள் கொச்சி வெயிலைத் தாங்காது. மறுநாளே குளிர்ந்த மலைத் தோட்டம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். என் கிடங்குச் சுவர் இரண்டு முழக் கனம், உள்ளே எப்போதும் குளிர்ச்சி. பேக்கிங்கும் நானே செய்து தருவதாகச் சொன்னேன்.

"டீச்சர், நம்ம பேக்கிங்ல முட்டைய அனுப்பினா குஞ்சு பொரிச்சு இறங்கும்."

"வாட விடாதேங்கோ, அது போதும். காலம்பற வரேன். கட்டறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே என் கிடங்கின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். என் வாசலைத் தாண்டும் சரக்கில் பொட்டு அழுக்கு இருக்காது. தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேரி சேச்சி தலைவி. ஜாதிபத்திரியின் மடிப்புக்குள் இருக்கும் தூசியைக்கூடக் கோழி இறகால் தட்டி எடுப்பாள். அவள் சுத்தம் செய்த சரக்கை வாங்கிய வெளிநாட்டுக்காரன் ஒருவனும் திருப்பி அனுப்பியதில்லை.

விடிந்ததும் வேலைக்கு வந்தவள் கூடையைப் பார்த்திருக்கிறாள். இலையைத் திருப்பியிருக்கிறாள். அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளி.

"முதலாளி, மொத்தமும் பூசணம் பிடிச்ச சாதனம். இத எங்ஙன வெளிய விடறது? மானம் போகும்."

எனக்கும் சரி என்று பட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து, இலை ஒடியாமல், அடிப்பக்கம் முழுக்க இறகால் தட்டினார்கள். அவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை.

3. இரண்டு பக்கமும் பளபள

டீச்சர் வந்தார். கையில் மடித்த காகிதப் பொட்டலங்கள். நான் ஒரு இலையைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க டீச்சர். முன்னாடி பின்னாடி வித்தியாசம் தெரியுதா? ஒரு புள்ளி கிடையாது!"

டீச்சர் அந்த இலையைப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார். இன்னொன்று. பிறகு அப்படியே சுக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அதுதான் ராவுத்தரே ஸ்போர். அதுதான் இதுக்கு விதை. பிடுங்கின செடி பிழைக்கும்னு நிச்சயமில்லை. விதையை எடுத்து வெச்சுண்டா கவலையில்லைன்னு நெனைச்சேன். அதை எடுக்கத்தான் இந்தக் காகிதமெல்லாம்." குரல் இறங்கிவிட்டது. "அங்கே கரையும் போயிடுத்து. இங்கே இதுவும் போயிடுத்து."

முப்பது வருடம் வாயால் பிழைத்தவன் நான். அன்றைக்குத் தூக்கிப் பிடித்த இலையைத் திரும்பக் கூடையில் வைக்கத்தான் தெரிந்தது.

மேரி சேச்சிக்குத்தான் கோபம் வந்தது. "எங்க போயி? யாரு களஞ்சது? நான் இங்க வந்த நாள் முதல் ஒரு நுள்ளு தூசி வெளிய போட்டிட்டுண்டா?"

உண்மைதான்! வாசனைச் சரக்குக் கிடங்கில் தூசியும் சரக்குதான். மிளகுத் தூசியை வாங்க ஒரு ஆள் வருவான், ஏலத் தூசிக்கு வேறு ஆள். யார் சரக்கில் தட்டிய தூசியோ அது அவர் பேரில் தனி டின்னில் இருக்கும். மேரி சேச்சி உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்தாள்.

"டீச்சரோட பூசணம். டீச்சரே கொண்டு போய்க்கோ."

மூடியைத் திறந்தால் பழுப்பாக ஒரு தேக்கரண்டி. கூடவே பஞ்சு, ஏலத்தொலி, ஒரு எறும்பு. டீச்சர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேரி சேச்சியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளியது மட்டும் தெரியும்.

4. செங்கல் விவசாயம்

செடிகளைக் கட்டி அனுப்பினோம். என் பேக்கிங்கில் குறையில்லை. பச்சையாகத்தான் போய் இறங்கின. ஆனால் புது மண் ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பட்டுப்போனதாகத் தகவல் வந்தது. இனி உலகத்தில் எங்களுக்குத் தெரிந்து அந்த டின் மட்டும்தான்.

கல்லில் ஒட்டியிருக்கும் வேறு வித்தெல்லாம் சாகட்டும் என்று டீச்சர் செங்கற்களைப் பானையில் போட்டு வேகவைத்தார். செங்கல்லை வேகவைக்கும் அம்மாளைப் பார்க்கப் பஜாரே வந்தது. "ராவுத்தர் கடையில இன்னிக்கு செங்கல் பிரியாணியோ?" என்று எதிர்க் கடை சேட்டன் கேட்டான். வெந்த கல்லைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, தூசியைத் தூவி, கண்ணாடி போட்டு மூடி, கிடங்கின் ஜன்னலோரம், வெயில் படாத மூலையில் வைத்தோம்.

வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு பாசி மாதிரி பச்சை. பிறகு நகக்கண் அளவில் இதய வடிவச் சின்னத் தகடுகள். பிறகு சுருள் சுருளாகக் குட்டி இலைகள். நான் பஜாருக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தேன். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க வடக்குச் சுவர் வாடகைக்காரா" என்றார். சுவர்ப் பெரணியின் தூசியும் டின்னில் விழுந்திருக்கிறது! சாயாக் காசு தண்டம்.

கடைசிச் செங்கல்லில்தான், ஓரமாக, ஒரு சுருள் மட்டும் சிவப்பாக வந்தது. டீச்சர் கண்ணாடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"ஓடைக்கரையிலே தளிர் இந்தச் சிவப்பாக்கும்."

"டீச்சர், இதுக்கு என் பேர் வைக்க முடியுமா?"

"ஏற்கெனவே லத்தீன்லே பேர் இருக்கு. புதுசா வைக்கறதா இருந்தாலும் மேரி சேச்சி பேரைத்தான் வெப்பேன்."

அந்தச் செங்கல்லை நான் கட்டி அனுப்பினேன். அதே மலைத் தோட்டத்தில், இந்தத் தடவை கல்லோடு, அது பிடித்துக்கொண்டது.

எண்பதுகளில் டீச்சர் அந்த ஓடைக்கு ஒரு முறை போய்வந்தார். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏலம் நன்னா வந்திருக்கு ராவுத்தரே" என்றார். அன்றைக்கு மட்டும் சாயாவைக் குடிக்காமலே போனார்.

அந்தத் தோட்டத்துச் சரக்கு என்னிடமும் வந்தது. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. மேரி சேச்சியைக் கூப்பிட்டு, இதன் தூசியை மட்டும் விற்காதே, டீச்சர் பேரில் வை என்றேன். அவள் ஏற்கெனவே வைத்திருந்தாள். சீசனுக்குச் சீசன் டீச்சர் வந்து அதைச் செங்கல்லில் தூவினார். கரையில் எங்காவது ஒன்று ஒளிந்திருந்தால் அதன் தூள் காயோடு ஒட்டிக்கொண்டு வராதா என்ற ஆசை. வந்ததெல்லாம் வாடகைக்காரர்தான். "இன்னும் ஒரு கல் பாக்கி இருக்கு" என்பார் டீச்சர், ஒவ்வொரு தடவையும்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, சரக்கை எவனும் பத்திரமாக வைப்பான். தூசி யாருடையது என்று கேட்டு வைப்பவன்தான் வியாபாரி. இது நானே கண்டுபிடித்த பாடம். மேரி சேச்சியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். அவள் எழுதும்போது அப்படி எழுதிக்கொள்ளட்டும்.