சீட்டுக் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெள்ளாறு ஒரு குறுக்கு வழி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் இருக்கும். தென்கரைக்குப் போக வேண்டுமென்றால் யாரும் பாலத்தைச் சுற்ற மாட்டார்கள். தரைப்பாலத்தில் இறங்கி, குறுக்கே நிற்கும் ஆடுகளை இரண்டு திட்டு திட்டி, அந்தப் பக்கம் ஏறிவிடுவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் மானம் போனது இந்த ஆற்றில்தான்.

என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. போன தடவை லீவில் வந்தபோது ஆசையாக ஒரு ரோடு சைக்கிள் வாங்கினார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், இரண்டு விரல் தடிமனில் டயர். நாலு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. லீவு முடிந்து கிளம்பும்போது, "துணியப் போட்டு மூடி வச்சுக்க. தூசி அடையப் போகுது" என்றார். மூடித்தான் வைத்தேன். ஒரு மாதம்.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் என்ன தோன்றியதோ, துணியை எடுத்துவிட்டு அந்தச் சைக்கிளைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். மறுவாரம் கண்மாய்க்கரை வரை போனேன். ஆறு மாதத்தில் மணமேல்குடிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன்.

அவர் உயரத்துக்கு வைத்திருந்த சீட்டை ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியை வைத்து இறக்கியிருந்தேன். குண்டும் குழியுமான ரோட்டில் அது அடிக்கடி வழுக்கி இன்னும் கீழே போய்விடும். ஒவ்வொரு தடவையும் சரியான உயரத்தைத் தேடிக்கொண்டிருக்க யாரால் முடியும்? சீட்டுக் கம்பியில் என் அளவுக்குச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். கோடு வரை ஏற்று, இறுக்கு, கிளம்பு. அவ்வளவுதான்.

எனக்கு மூன்று ரூட். கிழக்கே கடலுக்குப் போகிற ரூட்டில் போகும்போது காற்று மூஞ்சியில் அறையும், திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். மேற்கே அரிமளம் பக்கம் தைலமரக் காடு. நிழல் உண்டு, நாயும் உண்டு. அந்த நாய்களுக்கு மெல்லிய டயர் மேல் என்ன கோபமோ, பஸ்ஸை விட்டுவிடும், என்னை விடாது. மாசியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை வைத்தே அடித்துக்கொள்வார்கள். அதன் மேல் இந்த டயரை விட்டு ஒரு நாள் குப்புற விழுந்தேன். "பாத்து வரக்கூடாதா ஆத்தா, உளுந்து செதறிருச்சே" என்றார் செடிக்குச் சொந்தக்காரர். முழங்கை செதறியதை அவர் பார்க்கவில்லை.

தெற்கு ரூட்தான் எனக்குச் செல்லம். பாலம் வழியாக ஆவுடையார்கோவில், அங்கே ஒரு டீ, வரும்போது தரைப்பாலத்தில் குறுக்கே வீடு. அந்த ரூட்டைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று எனக்கு ஒரு திமிர்.

இது எதையும் அவரிடம் சொல்லவில்லை. "சைக்கிளத் தொடச்சியா?" என்று போனில் கேட்பார். "இப்பதாங்க தொடச்சேன்" என்பேன், அதன் மேல் உட்கார்ந்தபடியே. "ஏன் மூச்சு வாங்குது?" என்றால், "மாடி ஏறுனேங்க" என்பேன். எங்கள் மாடிக்குப் பன்னிரண்டே படி.

அவர் வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. கேட்டு வாங்கினால் அது அவர் கொடுத்ததாகிவிடும். காலையில் அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. சமையல் இல்லை, ரெஜிஸ்டர் இல்லை, என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஐப்பசி மாதம் அவர் வந்தார். பெட்டியை இறக்கிவைத்த கையோடு, "இனிமே போறதா இல்ல. இங்கிட்டே ஏதாவது பாத்துக்குவோம்" என்றார். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அன்று பாயசம்கூட வைத்தேன். மறுநாள் காலையில் அவர் துணியை விலக்கி, சீட்டை நாலு விரல் உயர்த்தி இறுக்கினார். என் சிவப்புக் கோடு மேலே ஏறி வெட்டவெளியில் நின்றது. ரேகை வைத்துவிட்டுப் போன திருடி மாதிரி நின்றேன். அவர் துணியால் கம்பியைத் துடைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் காலையில் வாசலுக்குக் கோலம் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அவருடைய சைக்கிள், அவர் ஓட்டப்போகிறார். இதில் நான் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் கோபம் வந்தது. இரண்டு நாள் ரசத்தில் உப்பு கூடிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அவரே, "வா, ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போவோம். ரூட்டு நீ சொல்லு" என்றார். தெற்கு ரூட்டைச் சொன்னேன். அவர் ரோடு சைக்கிளில் ஏறினார். நான் வழக்கம்போல் ஆலன் கீயை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, கூடை சைக்கிளில் பின்னால் போனேன். பாலத்தைக் கடந்தபோது கீழே ஒரு பார்வை பார்த்திருக்கலாம். நான் எங்கே பார்த்தேன்? வழி நெடுக அந்தச் சிவப்புக் கோட்டையும் அவர் முதுகையும் முறைத்துக்கொண்டே வந்தேன்.

ஆவுடையார்கோவிலில் வழக்கமான டீக்கடை. கடைக்காரர் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "என்னத்தா, ஒரு வாரமா ஆளக் காணோம்? இன்னைக்கு வண்டியும் மாறிருக்கு?" என்றார். டீ எனக்குப் புரையேறியது. என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது அவர் தளர்ந்துவிட்டார். மெல்லிய சீட், பழகாத உடம்பு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்று மிதித்தார். "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்றார். "பாலத்துக்கெல்லாம் போக வேணாம். தரைப்பாலத்துல எறங்குனா கால் மணி நேரம். நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க" என்று கெத்தாக முன்னால் போனேன்.

கரை ஏறியதும் பிரேக்கைப் பிடித்தேன். தரைப்பாலத்தைக் காணோம். கரையிலிருந்து கரைக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஊரே அக்கரையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தது. இந்தப் பக்கம் ஒருவர் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். "ராத்திரியே ஆறு வந்துருச்சுல்ல, தெரியாதா ஒங்களுக்கு? சுத்தித்தான் போகணும்" என்றார் எங்களைப் பார்த்து, ரொம்ப மகிழ்ச்சியாக.

அக்கரையில் எங்கள் தெரு முனை தெரிந்தது. பாலம் வழியாகப் போனால் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆறு என்றால் தண்ணீர் வரும் என்பதையே மறந்துபோகிற ஊரில் பிறந்தவள் நான். அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு, "இதுக்கு மேல இந்த சீட்டுல ஒக்கார என்னால ஆகாது. சாவியக் குடு" என்றார்.

"எந்தச் சாவி?"

"ஒன் கூடையில கெடக்குல்ல, ஆலன் கீ."

எடுத்துக் கொடுத்தேன். அவர் குனிந்து திருகைத் தளர்த்தி, சீட்டை மெதுவாக இறக்கி, சிவப்புக் கோடு விளிம்பில் வந்து சரியாக நின்றதும் இறுக்கினார்.

"பாத்துட்டீங்களா?" என்றேன்.

"கோட்டை அன்னைக்குக் கம்பியத் தொடைக்கையிலயே பாத்தேன். ஆனா நீ மணமேல்குடிக்குப் போன அன்னைக்கே எனக்குப் போட்டோ வந்துருச்சு. என் பங்காளி பஸ்ஸுல இருந்து எடுத்து அனுப்புனான்."

ஊருக்கே தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரியாதென்று இரண்டு வருஷம் நம்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. "அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நிறுத்திப்புடுவியேன்னுதான்."

"அப்ப வந்ததும் ஏன் சீட்டைத் தூக்குனீங்க?"

"இப்பவாச்சும் வாயத் தொறந்து என் சைக்கிளுன்னு சொல்லுவியான்னு பாத்தேன். நீ என்னடான்னா ரசத்துல உப்ப அள்ளிப் போடுற."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டு என் சைக்கிளில் ஏறினேன். ஒரு வார இடைவெளிக்குப் பிறகு கால்கள் தானாகச் சுற்றின. பின்னால் கூடை சைக்கிளின் மணிச்சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கேட்காமலே போனது.

பாலத்தின் நடுவில் இறங்கி அவருக்காகக் காத்திருந்தேன். இந்த முறை கீழே பார்த்தேன். எங்கள் ஊர் ஆடுகள் மேய்கிற இடமெல்லாம் தண்ணீராக இருந்தது. அவர் வந்து சேர்ந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். மூச்சு அடங்கியதும், "நாளைக்கு எந்தப் பக்கம் போவோம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஆசையாகத் தலையாட்டியிருக்கலாம். ஆனால் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "நாளைக்கு நான் மட்டும் போறேங்க."

அவர் கூடை சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"போயிட்டு வா. நான் போன் பண்ணா எடு. மாடி ஏறுனேன்னு மட்டும் சொல்லாத."