கஞ்சி போட்ட நூலும் பொயிலர் மூடியும்

என்னுடைய 1956ஆம் ஆண்டு நாட்குறிப்பில், பங்குனி மாதத்துப் பக்கமொன்றில், இரண்டே வரிகள் இருக்கின்றன: ‘இன்று பொயிலருக்குள் இறங்கினேன். தோள் உரசியது, இடுப்பு உரசவில்லை.’ தேதி எழுதிய இடத்தில் எண்ணெய் பட்டுவிட்டது. ஆகவே மாதத்தை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும்.

அதுவரை நான் மருதமுனையில் நெசவாளி. கலியாணம் முடித்து மனைவியின் வீட்டில் இருந்தேன். அவளுடைய மூத்த சகோதரர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான்; என் வயதுக்காரர். கல்முனைப் பக்கத்து நெல் ஆலைகளில் பொயிலர் பாஸாக, அதாவது கொதிகலன் பழுதுபார்க்கும் குழுவின் தலைமைத் தொழிலாளியாக, வேலை செய்தார். பழைய இரும்புத் தகட்டை வெட்டி, புதியதை வைத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியை அடித்து இறுக்குவது அவருடைய குழுவின் தொழில். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. சேர்த்துக்கொள்ளும்படி கேட்டேன். மச்சான் பள்ளிக்கூடப் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பொயிலரின் மேலிருந்த முட்டை வடிவ ஓட்டையைக் காட்டினார்.

“இதுக்குள்ள போய்க் கிறுகி வாங்க மச்சான். வந்தா வேலை. வராட்டி தங்கச்சிக்கு என்னத்தச் செல்ற எண்டு யோசிப்பம்.”

வந்தேன். பிறகு நான்கு மாதங்களுக்கு மேல், நெருப்பு அணைத்து ஆறிய பொயிலர்களுக்குள் குந்தியிருந்து, சுவரில் படிந்த உப்புப் பொருக்கைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தேன். வெளியே வந்தால் யார் கதைத்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பதுபோலக் கேட்கும். ஆயினும் பாட்டுப் பாடுவதற்கு அதைவிட நல்ல இடம் நான் கண்டதில்லை. என் குரல் எனக்கே பெரிய வித்துவானின் குரலாகத் திரும்பி வரும்.

பொருக்குத் தட்டுபவன் பொயிலர்காரன் அல்லன். பொயிலர்காரன் ஆவதற்கு அந்த ஓட்டையின் மூடியை அவன் தன் கையால் பூட்ட வேண்டும். மூடிக்கும் வாய்க்கும் இடையே நூலைப் பின்னி, செவ்வீயச் சாந்து பூசி, வளையமாக வைத்து இறுக்குவார்கள். பின்பு பொயிலர் நிறையத் தண்ணீர் விட்டுக் கைப்பம்பால் அழுத்துவார்கள். பூட்டியவன் மூடிக்கு நேரே முகத்தை வைத்து நிற்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். ஒழுகாவிட்டால் மறுநாள் அவன் கைக்குத் தகடு வெட்டும் வேலை வரும்.

ஆவணியில் என் முறை வந்தது. அடுத்த நாள் கொழும்பிலிருந்து பரிசோதகர் வருவதாக இருந்தது. நாவிதன்வெளி நெல் வண்டிகள் ஆலை வாசலில் நின்றன.

“இது ஒழுகினா மச்சான், நீங்க தறிக்குத்தான். நான் சொந்தம் பாக்க மாட்டன்,” என்றார் பாஸ்.

நூல் என்றால் எனக்குத் தெரியாததா? வீட்டில் பாவுக்கென்று வைத்திருந்ததில் ஆகச் சிறந்த நூலை எடுத்துப் பின்னினேன். வார்ப்பட்டிபோல விறைப்பாக, ஒரு பிசிர் இல்லாமல் படுத்தது. எல்லோரும் தொட்டுப் பார்த்துப் புகழ்ந்தார்கள்.

பம்பு அடித்தார்கள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூடியின் விளிம்பில் பால்போல வெள்ளையாக ஏதோ கசிந்தது. அதைப் பார்க்கக் குனிந்தேன். தண்ணீர் பீறிட்டு என் தலை முதல் கால் வரை நனைத்தது.

“மச்சான்ட லுஹர் வுழு முடிஞ்சிது!” என்று, மத்தியானத் தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதைச் சொல்லிப் பாஸ் கத்தினார்.

“குளிப்பும் சேத்துத்தான் காக்கா,” என்றார், பாஸை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் பம்புக்காரர்.

சாறன் சொட்டச் சொட்டச் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். மனைவி என்னையும், கையிலிருந்த வளையத்தையும் பார்த்தாள். அதை விரலால் வழித்து மோந்தாள்.

“கஞ்சி போட்ட நூலையா வெச்சீங்க? தண்ணி பட்டாக் கரையாதா? நீங்கெல்லாம் ஒரு நெசவாளி!”

“தறியில நல்லா நிண்டிச்சே, புள்ள.”

“தறியில யாரு தண்ணி ஊத்துற?”

கஞ்சி கரைந்ததும் நூல் இளகி இடம் விட்டிருக்கிறது. இரும்புக் குழுவில் எவரும் செய்யக்கூடிய தவறல்ல அது; அவர்கள் கடையில் வாங்கும் வெறும் நூலில் கஞ்சியே இல்லை. அவள் கஞ்சி காணாத நூல் கழி ஒன்றை எடுத்தாள். ஒரு முனையை அவள் பிடிக்க, நான் பின்னினேன். பார்வைக்கு அது மிகவும் தொங்கலாக இருந்தது.

பின்னேரம் மறுபடி பூட்டினேன். “இன்னொரு தரம் பாப்பம். மூணாந்தரம் இல்ல,” என்றார் பாஸ். நான் கண்ணை மூடிக்கொண்டு மூடிக்கு முன்னால் நின்றேன். பம்புக்காரர் களைத்து நிறுத்தும்வரை ஒரு துளியும் வரவில்லை.

மறுநாள் பரிசோதகர் வந்தார். அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, மூடியைப் பூட்டியது யார் என்று கேட்டார்.

“நம்முட பொயிலர்காரர் ஒராள்,” என்றார் பாஸ், என் பக்கம் கையைக் காட்டி. பரிசோதகர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று மத்தியானமே என் கையில் தகடு வெட்டும் உளியைத் தந்தார்கள்.

என் பெயருக்குப் பக்கத்தில் ‘பொயிலர் தொழிலாளி’ என்றே பரிசோதகர் எழுதியதாக மச்சான் சொல்லி வருகிறார். அந்த அறிக்கை கொழும்புக்குப் போய்விட்டது. நான் அதைப் பார்த்ததில்லை. எனவே இது சரிபார்க்கப்படாத தகவல்.