வலித்தால் சொல்லுங்கள்

சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் சிகிச்சைக்குப் போன அன்று காலையில் நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, இதற்கெதற்குப் பட்டினி என்று எனக்கு நினைப்பு. மனைவி குளிக்கப் போன நேரத்தில் சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் கழுவி வைத்தேன்.

தாம்பரம் மருத்துவமனையில் மயக்க மருத்துவர் கேட்டபோது மறைக்க முடியவில்லை. வயிற்றில் உணவிருந்தால் தூக்க மருந்து தரமாட்டேன், இன்னொரு நாள் வாருங்கள் என்றார். மறுநாள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்தியாக வேண்டும். வலி ஊசி மட்டும் போடுங்கள், தாங்கிக்கொள்வேன் என்றேன். மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள்.

முதுகுக்கு அடியில் தண்ணீர் நிரம்பிய ரப்பர் பை. இயந்திரத்தை இயக்குபவர் என் வயதுக்காரர். "வலிச்சா வாயத் தெறந்து சொல்லுங்க சார், பவரைக் குறைக்கலாம். ஒடம்ப மட்டும் அசைக்காதீங்க" என்றார்.

முதலில் யாரோ விரலால் சுண்டுவது போலத்தான் இருந்தது. டக், டக் என்று நொடிக்கொன்று. அவர் பவரைக் கூட்டக் கூட்ட, அடி தோலைத் தாண்டி விலா எலும்பில் விழுந்தது. பிறகு எலும்பையும் தாண்டி, கை வைத்துத் தேய்க்க முடியாத ஓரிடத்தில். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டாம் முறையும் இல்லை என்றேன். பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டேன். கண்ணிலிருந்து வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது.

அப்போதுதான் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அன்று கல்வலி வந்தது என் மனைவிக்கு. காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நிறையக் குடி, தானே வந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் தேர்வு மேற்பார்வைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது குளியலறைத் தரையில் நனைந்த உடையோடு சுருண்டு கிடந்தாள். பக்கெட்டில் வாந்தி. இதற்குப் போய் இப்படியா என்று கேட்டேன். கேட்ட குரல்கூட எனக்கு நினைவிருக்கிறது.

என் உடம்பு தானாகத் துள்ளியது. இயந்திரம் நின்றது.

"ஸ்கிரீன்ல கல்லு அலைஞ்சுகினே இருந்துச்சு, மூச்சு விடறதாலன்னு நெனச்சேன்" என்றார் அவர். "நீங்க சொன்னாத்தான சார் எனக்குத் தெரியும்?"

அதற்குமேல் அவர் தொடரவில்லை. கல் பாதிதான் உடைந்திருந்தது.

வெளியே பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஊசி போட்டாங்க" என்றாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தாள். "நான் வெளிய ஒக்காந்திருந்தேன். அன்னிக்கு வீட்ல யாரும் இல்ல."

இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. மூன்றாம் நாள் துண்டுகள் சிறுநீர்க் குழாயில் அடைத்துக்கொண்டன. ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கிளம்பினால், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம். பெருங்களத்தூர்ச் சந்திப்பில் பேருந்துகள் நகரவே இல்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மாடு மாதிரி கத்தினேன். என் மாணவர்கள் யாராவது பார்ப்பார்களே என்ற எண்ணம்கூட வரவில்லை. வேறு வழியில் போகமுடியுமா என்று மனைவி கேட்டாள். "ஆம்புலன்ஸே நின்னுகினு கீது பாருங்கக்கா" என்றார் ஓட்டுநர். அவள் இறங்கி முன்னால் ஓடி, பைக்குகளையும் கார்களையும் தட்டித் தட்டி ஒதுங்கச்சொன்னாள். அப்படித்தான் அந்தச் சந்திப்பைக் கடந்தோம்.

அன்று குழாய்க்குள் ஒரு சிறு குழலைச் செருகி அடைப்பை எடுத்தார்கள். அடுத்த மாதம் மீண்டும் அதிர்வலை, இம்முறை தூக்க மருந்தோடு, அரை விழிப்பில். லேசாக வலித்தபோதே சொன்னேன். கேட்காதபோதும் சொன்னேன். கல் பொடிந்து மணலாக வெளியேறியது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை.

போன ஆவணியில் ஒருநாள், டாக்டரைப் பார்க்கணும், வருகிறீர்களா என்று கேட்டாள். விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். ஸ்கேனில் அவளுக்கு மறுபடியும் கல். எத்தனை நாளாக வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டார்.

"பன்னெண்டு நாளா" என்றாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும், பள்ளி நேரம் போக, நான் வீட்டில்தான் இருந்தேன்.