கத்திரி வெயிலில் ஹீட்டர்

மதுராந்தகத்தில் ஹீட்டர் வைத்த காரை வாங்கிய ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். வேண்டுமென்று வாங்கவில்லை. ஊட்டியில் ஒரு டாக்டர், வயதாகிவிட்டது என்று வண்டியை விற்கிறார் எனத் தாலுகா ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்ல, அப்பா போய்ப் பார்த்தார், மயங்கினார், ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னைவிடப் பல வயது மூத்த வண்டி. முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். டேஷ்போர்டில் சிவப்புக் குமிழ் வைத்த ஒரு லிவர் உண்டு. அதுதான் ஹீட்டர் என்று அப்பா காட்டியபோது எங்கள் காலனியே சிரித்தது. வெந்நீர் போட்டுக் குளிக்கலாம் என்றார் ஒருவர், முட்டை அவிக்கலாம் என்றார் இன்னொருவர். அப்பா கண்டுகொள்ளவில்லை. எங்கள் காலனிக்குள் சொந்தக் கார் என்று ஒன்று வந்து நின்றது அதுதான் முதல்தடவை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று தினமும் காலையில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காரில் நாங்கள் போன முதல் நீண்ட பயணம் மாமல்லபுரத்துக்கு. பிள்ளைக்குக் கடல் காட்டப் போகிறோம் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். பிள்ளை என்பது நான்தான். கடலைக் காட்டு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. உண்மையில் நாங்கள் போனது, அத்தையை ஒருவர் பார்ப்பதற்காக.

அத்தை என் அப்பாவின் தங்கை. செங்கல்பட்டில் நர்ஸாக இருந்தாள். அவளை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தடவையும் வாசலில் செருப்பு குவியும், தெரு எட்டிப்பார்க்கும், கேசரியும் பஜ்ஜியும் தட்டில் போகும், அப்புறம் பதிலே வராது. நிறம் கொஞ்சம் மட்டு, வயசு கொஞ்சம் கூட, நைட் டூட்டி வேறு என்று காரணங்கள் மட்டும் யார் வாய் வழியாகவோ வந்து சேரும். அதைக்கூட அத்தை தாங்கிக்கொண்டாள். மறுவாரம் குழாயடியில், "அந்த எடம் இன்னாமே ஆச்சி?" என்று ஆளாளுக்கு விசாரிப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"இனிமே வூட்ல வேணாம்ணா. யாருக்கும் தெரியாத எடத்துல வெச்சிக்குங்க. இதுவும் இல்லன்னா இத்தோட வுட்டுருங்க. மறுபடி என்னிய பொடவ கட்டி நிக்க வெக்காதீங்க."

அத்தை சொன்னால் சொன்னதுதான். அப்பா அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெண்வீடும் பிள்ளைவீடும் ஜவுளிக்கடை, கடற்கரை, திருவிழா என்று எங்கேயாவது எதேச்சையாக எதிர்ப்படுவார்கள். பிடித்துவிட்டால் பிறகு முறைப்படி வருவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. அதன்படி, அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு லைட்ஹவுஸ் பக்கத்து இளநீர்க் கடையில், அச்சரப்பாக்கத்துக் கணக்கு வாத்தியார் ஒருவரும் அவருடைய அம்மாவும் எதேச்சையாக இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் நாங்கள் எதேச்சையாகப் போய்ச் சேர வேண்டும்.

பட்டுப்புடவை கட்டச் சொன்னாள் அம்மா. கடல் பார்க்கப் போகிறவள் பட்டா கட்டுவாள் என்று அத்தை கேட்டாள். சரி, பட்டு மாதிரி ஒன்று கட்டு என்று அம்மா இறங்கி வந்தாள். கடைசியில் ஒரு ரோஸ் நிறப் புடவையும், முகம் முழுக்கப் பவுடரும், ஒரு முழம் மல்லியுமாக அத்தை முன்சீட்டில் ஏறினாள். நான் அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில். அம்மா பின்னால்.

செங்கல்பட்டைத் தாண்டி, எதிரே திருக்கழுக்குன்றம் மலை தெரிகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் முள் ஏற ஆரம்பித்தது. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள். சிவப்பைத் தொட்டால் அவ்வளவுதான், வண்டி நகராது என்று அப்பா எனக்குச் சொல்லிவைத்திருந்ததால், நான் ரோட்டைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது சிவப்புக் கோட்டை நெருங்கியதும் அப்பா ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். பானெட்டைத் தூக்கியதும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளம்பினோம். அடுத்த ஊர் வருவதற்குள் முள் மறுபடியும் ஏறிவிட்டது.

அப்பா செல்போனில் மெக்கானிக்கைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் இருந்த மனிதர், கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"ரேடியேட்டரு அடைச்சிக்கினு கீது சார். நாளிக்கிப் பாக்கலாம். இன்னிக்கிப் போய்ச் சேரணும்னா, ஹீட்டரப் போடு."

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காலனிக்காரர்கள் போதாதென்று இவனும் கிண்டல் செய்கிறானே என்று நினைத்துவிட்டார். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இதில் ஹீட்டர் போடச் சொல்கிறாயே, காலையிலேயே போட்டுவிட்டாயா என்று கேட்டார். மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. இன்ஜினின் சூடு எங்கேயாவது போயாக வேண்டும், ஹீட்டரைப் போட்டால் அதில் கொஞ்சம் வண்டிக்குள் வந்துவிடும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், உள்ளே இருப்பவர்கள் பாடு உங்கள் பாடு என்று விளக்கிவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டார்.

அப்பா சிவப்பு லிவரை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. ஹீட்டரின் ஃபேன் சுற்றவே இல்லை. ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. ஃபேன் பெட்டியை ஸ்பானரால் தட்டினார், அசையவில்லை. அப்புறம் அத்தையின் கைப்பையில் இருந்த நர்ஸ் டார்ச்சை வாங்கிக்கொண்டு, டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்தார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே ரோட்டோரம் நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. ஃபேனுக்குப் போக வேண்டிய ஒயரை யாரோ வெட்டி வேறு பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள், ஒட்டுப் போட்ட இடத்தில் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் சுற்றியிருக்கிறது என்றார்.

நாங்கள் எல்லாரும் அத்தையைப் பார்த்தோம்.

டேஷ்போர்டின் மேல் ஒரு சின்ன மாதா சுரூபம் இருந்தது. அதன் காலடியில் ஒரு நீல பல்பு. வண்டி வந்த வாரமே அத்தை அதை ஒட்டி, நைட் டூட்டி முடிந்த ஒரு காலையில் தானே கரண்டும் கொடுத்திருந்தாள். எங்கிருந்து கொடுத்தாய் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

"இந்த ஊர்ல எவன் ஹீட்டரப் போடப் போறான்னு நெனச்சேன்" என்றாள் அத்தை, முணுமுணுப்பாக.

மாதாவின் விளக்கைப் பிடுங்க அம்மாவுக்கு மனசே இல்லை. நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் இதென்ன சோதனை என்று சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அத்தை சமாதானம் சொன்னாள். பட்டப்பகலில் என்ன இருட்டு என்று கீழேயிருந்து அப்பா கத்தினார். பிறகு அத்தையே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பிளாஸ்டரை உரித்து, ஒயரைப் பழையபடி முறுக்கினாள். ஃபேன் ஒரு முனகல் முனகியது, ஒரு சுற்று சுற்றியது, நின்றுவிட்டது.

அப்பா வாட்சைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. திரும்பிவிடலாமா என்று அத்தையிடம் கேட்டார். வாய் வார்த்தையாகக் கேட்டாரே தவிர, திரும்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அத்தையின் கண் இரண்டும் நிறைந்திருந்தன. அப்படியே குனிந்து, ஃபேன் பெட்டிக்குப் பின்னால் கையை நுழைத்துத் துழாவினாள். நரம்பு தேடி ஊசி போடுகிற விரல்கள். அங்கே இன்னொரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த திருகாணி துருவேறி எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. எர்த்து ஒயர் என்றார் அப்பா. அத்தை அதன் நுனியை வண்டியின் இரும்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஃபேன் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. விட்டாள், நின்றது. அழுத்தினாள், ஓடியது. பிளாஸ்டர் போட்டு ஒட்டலாம் என்றால் வேர்வையில் ஒட்டவில்லை.

"நான் புடிச்சிக்கிறேன். நீ வண்டிய எடுண்ணா" என்றாள்.

முதலில் எங்கள் முகத்தில் புழுதி அடித்தது. கூடவே காய்ந்து சருகான தைல மர இலைத் துண்டுகள். ஊட்டியில் என்றைக்கோ உள்ளே விழுந்தவையாக இருக்கும், காருக்குள் ஒரு நிமிஷம் தைல வாசனை வந்தது. அப்புறம் வந்ததெல்லாம் அடுப்பு வாயில் உட்கார்ந்த மாதிரி அனல்தான். ஜன்னல் நாலையும் இறக்கியும் பயனில்லை. எதிரே வந்த பஸ்காரர்கள் எங்களை வினோதமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் பவுடர் கோடு கோடாக இறங்கியது. ஆனால் முள் சொன்னபடி கேட்டது. சிவப்பைவிட்டு மெல்ல மெல்லக் கீழே வந்தது. நான் அதைக் கூவிக் கூவிச் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தையும் கட்டைவிரலை எடுக்காமல் சிரித்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி பஸ் போய்விட்டிருந்தது. அவர்கள் போகவில்லை. இளநீர்க் கடை பெஞ்சில் வாத்தியாரும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள், குடித்து முடித்த கூடுகள் காலடியில் கிடந்தன. அத்தையின் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. மல்லி வெந்து பழுப்பாகிவிட்டது. கட்டைவிரல் கன்னங்கரேல் என்று இருந்தது. இறங்குவதற்கு முன் முகத்தையாவது துடைத்துப் பவுடர் போடலாம் என்று அம்மா கெஞ்சினாள்.

"இருக்கறத இருக்கறபடி பாக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு அத்தை இறங்கி நடந்தாள்.

அவர் அம்மா பதறிப்போய், ஜுரமா என்று கேட்டார். இல்லை, ஹீட்டர் என்றாள் அத்தை. வீட்டில் நடந்த பெண் பார்க்கிற சடங்குகளில் எல்லாம் அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, சமையல் தெரியுமா, டிரான்ஸ்பர் கிடைக்குமா என்ற கேள்விகளுக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். அன்றைக்கு ரேடியேட்டரில் ஆரம்பித்து, மாதா விளக்கு, மெக்கானிக், எர்த்து ஒயர் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தாள். வாத்தியார் கார் ஜன்னலுக்குள் கையை நீட்டி அனலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இன்ஜின் சூட்ட நீங்க வாங்கிக்கினு வந்துருக்கீங்க" என்றார்.

"வேற யாரு வாங்கறது? வண்டி வந்து சேரணும் இல்ல?" என்றாள் அத்தை.

அவர் சிரிக்கவில்லை. அத்தையை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அப்பா எல்லாருக்கும் இளநீர் சொன்னார். கடல் காட்ட அழைத்துவரப்பட்ட பிள்ளைக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கிளம்புகிற நேரத்தில்தான் சிக்கல். பஸ்ஸை விட்டவர்களை அம்போ என்று விட்டுப்போக முடியுமா? அவர்கள் ஊருக்குப் போகிற வழியில்தான் எங்கள் ஊர். அப்பா தயங்கித் தயங்கி, வண்டியில் வரலாமே என்றார். அம்மா அப்பாவின் முழங்கையை இழுத்தாள். முடிவு சொல்லாமல் இரண்டு வீடும் ஒரே வண்டியில் போவது வழக்கமில்லை. நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தால், அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வாத்தியாரின் அம்மாவுக்கும் அதே யோசனைதான்.

"ஒரே வண்டில போனா ஊரு இன்னா சொல்லும்பா?" என்று மகனிடம் கேட்டார்.

"நல்லா வேர்த்துப் போச்சின்னு சொல்லும்" என்று சொல்லிவிட்டு அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஒயரைத் தான் பிடிப்பதாகவும் சொன்னார்.

அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் நான். பின்சீட்டில் அம்மாவும் அவர் அம்மாவும், அவருக்கு நேர் பின்னால் அத்தையும். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ஃபேன் ஓடும், நிற்கும். அத்தை முன்னால் சாய்ந்து, கொஞ்சம் மேலே, இன்னும் அழுத்தி, விரலை வளைக்காமல் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். அதிலிருந்து பேச்சு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, அத்தையின் வார்டுக்கு வந்தது, மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்தபோது தலை நரைத்திருந்த கதைக்குப் போயிற்று. அத்தை சத்தமாகச் சிரித்தாள். அவர் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வெயில் இறங்கிவிட்டது. வெளியே வயல்காற்று ஜிலுஜிலுவென்று வீசியது. அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், சூடு இறங்கியிருந்தால் ஹீட்டரை அணைத்துவிடலாமே என்றார். அத்தை எட்டி முள்ளைப் பார்த்தாள்.

"இன்னும் எறங்கலண்ணா. கொஞ்ச தூரம் இருக்கட்டும்" என்றாள்.

நானும் பார்த்தேன். முள் நன்றாகக் கீழே இறங்கி, படுத்தே கிடந்தது. வாயைத் திறக்கப் போனேன். பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் தோளில் நறுக்கென்று கிள்ளியது. எதற்குக் கிள்ளினாள் என்று புரியாமல் நான் வாத்தியார் முகத்தைப் பார்த்தேன். அவராவது உண்மையைச் சொல்வார் என்ற நம்பிக்கை. அவரும் குனிந்து அந்த முள்ளை நிதானமாகப் பார்த்தார். நெற்றி வேர்வை மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா, இன்னும் சூடு கீது" என்று சொல்லிவிட்டு, ஒயரை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவு பெரிய முள்ளைக்கூடப் பார்த்துச் சொல்லத் தெரியாத இந்த மனிதரிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகளை நினைத்து, அச்சரப்பாக்கம் வருகிற வரைக்கும் நான் உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.